தண்ணீரை இழுத்துப் பிடிப்பது எது? குழாயிலும் வாய்க்காலிலும் உராய்வைக் கணக்கிடும் முறை

மோட்டார் அதே மோட்டார்தான். கிணற்றில் தண்ணீரும் அதே மட்டத்தில்தான் நிற்கிறது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிய தொட்டி, இப்போது நிரம்ப மூன்று மணி நேரம் ஆகிறது. மெக்கானிக் வந்து காயில் கட்ட வேண்டும் என்கிறார், பக்கத்து வயல்காரர் வோல்டேஜைக் குறை சொல்கிறார். குழாயின் உட்சுவரை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வாய்க்காலிலும் இதே கதைதான். தலைமதகில் வழக்கம்போல் திறக்கிறார்கள், கடைமடைக்கு மட்டும் தண்ணீர் எட்டுவதில்லை.

இரண்டிலும் தண்ணீரைப் பிடித்து இழுப்பது ஓரத்தின் சொரசொரப்பு. அதைக் கணக்கில் கொண்டுவரும் சூத்திரங்களை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். சொரசொரப்புக்கு என்ன எண் போடுவது என்பதுதான் கஷ்டமான பகுதி. அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரத்தைச் சீக்கிரம் கடந்துவிட்டு, எண்ணைத் தேடுவதில் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

கையில் இருக்க வேண்டியவை: மடக்கை பார்க்கும் வசதியுள்ள கால்குலேட்டர், டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், மட்டம் பார்க்க உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான ஒரு பிளாஸ்டிக் டியூப், ஒரு காலி தண்ணீர் பாட்டில். அப்புறம் ஒரு நோட்டு.

குழாயிலிருந்து தொடங்குவோம்

குழாய்க்கான அடிப்படைச் சூத்திரத்தை 1845-இல் ஜெர்மனியின் வைஸ்பாக் இன்றைய வடிவில் எழுதினார். சுவரின் தன்மைக்கு அதில் பங்கு உண்டு என்பதை 1857-இல் பிரான்சின் டார்சி சோதனைகளால் காட்டினார்.

உராய்வு இழப்பு = உராய்வுக் காரணி × (நீளம் ÷ உள்விட்டம்) × (வேகம்² ÷ 19.62)

எல்லாம் மீட்டரிலும் நொடியிலும் இருக்க வேண்டும். விடையும் மீட்டரில் வரும். பம்பு அத்தனை மீட்டர் உயரத்துக்குக் கூடுதலாகத் தள்ள வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு எச்சரிக்கை: வேதிப்பொறியியல் புத்தகங்களில் ஃபான்னிங் காரணி என்று இன்னொன்று வரும். அது இதில் நான்கில் ஒரு பங்கு. காரணி 0.005 என்று எங்காவது பார்த்தால், அது எந்தக் காரணி என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை உள்விட்டத்தைத் தெரிந்துகொள்வது. பிவிசி குழாயில் 90 மி.மீ. என்று அச்சிட்டிருப்பது வெளிவிட்டம். சுவரின் தடிப்பை இரண்டு பக்கமும் கழித்தால்தான் தண்ணீர் போகும் வழி தெரியும். ஒரு வெட்டுத் துண்டு கிடைத்தால் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இதில் கை தவறினால் மீதிக் கணக்கு முழுவதும் வீண். வரும் தண்ணீர் மாறாமல் விட்டம் மட்டும் 10 சதவீதம் குறைந்தால், இழப்பு ஏறக்குறைய 1.7 மடங்காகிவிடும்.

அடுத்தது நீரளவு. கடையில் சொன்ன அளவை நம்ப வேண்டாம். 200 லிட்டர் டிரம்மை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 33 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 6 லிட்டர்.

இனி ஒரு கணக்கு. நீளம் 300 மீட்டர், உள்விட்டம் 80 மி.மீ., நீரளவு நொடிக்கு 6 லிட்டர். குறுக்குப் பரப்பு 0.00503 சதுர மீட்டர், ஆகவே வேகம் நொடிக்கு 1.19 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் என்பது வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கித் தண்ணீரின் பாகுநிலையால் (அதன் பிசுபிசுப்பைச் சொல்லும் அளவு) வகுப்பது. புத்தகங்களில் 20 டிகிரி தண்ணீருக்கு 1.0 × 10⁻⁶ என்று இருக்கும். நம் ஊரில் 30 டிகிரி தண்ணீர் சாதாரணம், அதற்கு 0.8 × 10⁻⁶ போடலாம். ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,19,000 வருகிறது. இந்த எண் 2,000-க்குக் கீழே இருந்தால் சுவரின் சொரசொரப்பு கணக்கிலேயே வராது, 64-ஐ அந்த எண்ணால் வகுத்தால் காரணி கிடைத்துவிடும். ஆனால் பம்புக் குழாய்களில் அந்த நிலை வராது.

சொரசொரப்பு எப்படித்தான் வேலை செய்கிறது? 1933-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிகுராட்சே என்பவர் சலித்தெடுத்த மணலைக் குழாயின் உட்சுவரில் ஒட்டி, ஒவ்வொரு மணல் அளவுக்கும் எவ்வளவு அழுத்தம் இழக்கிறது என்று அளந்தார். அதனால்தான் இன்றைக்கும் ஒரு குழாயின் சொரசொரப்பு ‘0.15 மி.மீ.’ என்றால், அந்த அளவு மணலை ஒட்டியதுபோல் அது நடந்துகொள்கிறது என்று பொருள். சுவரை உரசி ஓடும் தண்ணீரில் மிக மெல்லிய ஓர் அடுக்கு சுழிக்காமல் அமைதியாக வழுக்கிப்போகும். நம் கணக்கில் குழாய் வழுவழுப்பான பிவிசி என்றால், அந்த அடுக்கின் தடிப்பு சுமார் 0.17 மி.மீ., அதாவது இரண்டு காகிதத் தாள் அளவு. பிவிசியின் மேடுபள்ளம் 0.0015 மி.மீ. என்பதால் அது அடுக்குக்குள் முழுக்கப் புதைந்துவிடுகிறது. துருப்பிடித்த இரும்பில் 1 அல்லது 2 மி.மீ. கட்டிகள் அந்த அடுக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும். மோதும் தண்ணீர் சுழித்துச் சக்தியை இழக்கும்.

காரணியைக் கண்டுபிடிக்க 1944-இல் அமெரிக்காவின் மூடி ஒரு வரைபடம் போட்டார். (பானை மூடி இல்லை, ஆளின் பெயர்.) அதில் கோடு பிடித்துப் படிப்பதைவிட, 1976-இல் இந்தியர்களான சுவாமியும் ஜெயினும் தந்த சூத்திரம் கைக்கு எளிது:

உராய்வுக் காரணி = 0.25 ÷ [மடக்கை( சொரசொரப்பு ÷ (3.7 × விட்டம்) + 5.74 ÷ ரெனால்ட்ஸ் எண்^0.9 )]²

மடக்கை பத்தின் அடிமானத்தில். சொரசொரப்பும் விட்டமும் ஒரே அலகில் இருக்க வேண்டும், புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ரெனால்ட்ஸ் எண்ணின் 0.9 அடுக்கு நம் கணக்கில் சுமார் 37,000.

பிவிசிக்குப் போட்டுப் பார்த்தால் காரணி 0.0174, இழப்பு 4.7 மீட்டர். அதே அளவில் புதிய ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் சொரசொரப்பு 0.15 மி.மீ., காரணி 0.0247, இழப்பு 6.7 மீட்டர். துருவேறிய பழைய குழாய்க்கு 1.5 மி.மீ. என்று வைத்தால் காரணி 0.048, இழப்பு 13 மீட்டர். இதோடு முடியவில்லை. துரு ஏறியதில் உள்விட்டமும் 80-லிருந்து 77 ஆகியிருக்கும். அதையும் சேர்த்தால் 15 மீட்டரைத் தாண்டிவிடும். பம்பு அவ்வளவு தள்ள முடியாமல் நீரளவைக் குறைத்துக்கொள்ளும். தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம் கூடியது இதனால்தான். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு எந்த பில்லிலும் வருவதில்லை, வந்திருந்தால் என்றைக்கோ குழாயை மாற்றியிருப்பார்கள்.

குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தைப் போடுவார்கள். அதில் பிவிசிக்கு 145 அல்லது 150 என்று ஒரு எண் வரும். நம் குழாய்க்கு அதில் 5.0 முதல் 5.4 மீட்டர் வருகிறது. 4.7 சரியா, 5.4 சரியா என்று சண்டை போட வேண்டாம். மூடியே தன் வரைபடத்தில் சொரசொரப்பான குழாய்க்குப் பத்து சதவீதம் வரை பிழை இருக்கும் என்று ஒப்புக்கொண்டவர். சூத்திரம் எதுவாக இருந்தாலும் அந்தப் பிழையைவிடச் சொரசொரப்புக்கு நாம் போடும் எண்ணில் உள்ள பிழைதான் பெரியது. பழைய குழாய் என்றால் ஒரு ஜாயின்ட்டைக் கழற்றி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கட்டி கட்டியாக விரலில் தட்டினால் 1 மி.மீ.-க்குக் கீழே எண் போடாதீர்கள்.

எல்போ, வால்வு இழப்புகளைப் பற்றி ஒரு வரி போதும். இந்த வேகத்தில் ஒரு எல்போ ஏழு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தின்னும், பத்து எல்போ சேர்ந்தாலும் முக்கால் மீட்டரைத் தாண்டாது. கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் தழை அடைத்திருந்தால் அது வேறு கதை, முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

வாய்க்காலுக்கு வருவோம்

குழாயில் சுவர் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். வாய்க்காலின் கரை மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். இங்கே உலகம் முழுக்கப் பயன்படுத்துவது மேனிங் சூத்திரம். அயர்லாந்தின் ராபர்ட் மேனிங் 1889-இல், தம் 73-ஆம் வயதில், இதை அங்குள்ள பொறியாளர் சங்கத்தில் முன்வைத்தார்.

வேகம் = (1 ÷ மேனிங் எண்) × நீரியல் ஆரம்^(2/3) × √சாய்வு

மேனிங் எண் என்பது ஓரத்தின் சொரசொரப்பைச் சொல்லும் எண். நீரியல் ஆரம் என்றால் பயப்பட வேண்டாம். தண்ணீரின் குறுக்குப் பரப்பை, தண்ணீர் தொடும் ஓரத்தின் நீளத்தால் வகுப்பதுதான். தொடும் ஓரத்தில் அடியும் இரண்டு சரிவுகளும் சேரும், மேலே காற்றைத் தொடும் பக்கம் சேராது. அடி அளவில் எழுதிய புத்தகங்களில் 1-க்குப் பதில் 1.49 இருக்கும், ஆனால் மேனிங் எண் இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு பங்கு வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். அடிப்பகுதி அகலம் 1.2 மீ., தண்ணீர் ஆழம் 0.6 மீ., பக்கச் சரிவு 1-க்கு 1, சாய்வு 2,500-க்கு 1. பரப்பு 1.08 சதுர மீட்டர். தண்ணீர் தொடும் ஓரம் 2.90 மீ. நீரியல் ஆரம் 0.373 மீ., அதன் மூன்றில் இரண்டு அடுக்கு 0.518. சாய்வின் வர்க்கமூலம் 0.02. இதுவரை எல்லாம் டேப் அளவு, யார் போட்டாலும் ஒரே விடைதான். இனி மேனிங் எண் மட்டும் பாக்கி.

தூர்வாரிச் செதுக்கிய சுத்தமான மண் வாய்க்கால் என்றால் 0.022. வேகம் நொடிக்கு 0.47 மீட்டர், நீரளவு 0.51 கனமீட்டர், அதாவது சுமார் 18 கன அடி. புல்லும் கொஞ்சம் கோரையும் வந்துவிட்டால் 0.035, அப்போது 11 கன அடி. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பாதி வாய்க்காலை அடைத்துக்கொண்டால் 0.08 வரைகூடப் போகும், அப்போது 5 கன அடிகூட நிறையாது. அகலம், ஆழம், சாய்வு எதுவும் மாறவில்லை. மாறியது அந்த ஒரு எண்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் அடிபட்டேன். அட்டவணையில் மண் வாய்க்காலுக்கு 0.0225 என்று இருந்தது, அப்படியே போட்டேன். தண்ணீருக்கு மேல் கரை 30 செ.மீ. விட்டால் போதும் என்று கணக்கும் வந்தது. ஆனி மாதம் தண்ணீர் அழகாகப் போனது. ஐப்பசி மழையில், கோரை மண்டிய ஒரு வளைவில் கரை வழிந்து நட்ட வயலுக்குள் போய்விட்டது. வயல்காரர் சத்தம் போடவில்லை. “தம்பி, புல்லு முளைக்காத வாய்க்காலை எந்த ஊர்ல பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டார். மேலே சொன்ன வாய்க்காலில் அதே 18 கன அடி போக வேண்டும், எண் மட்டும் 0.035 ஆகிவிட்டது என்றால், ஆழம் 0.60-லிருந்து 0.77 மீட்டருக்கு ஏறும். 30 செ.மீ. மிச்சக் கரையில் 17 செ.மீ. புல்லுக்கே போய்விட்டது. மீதி 13-ஐ மழைத் தண்ணீர் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

எண்ணை எப்படித் தேடுவது

அட்டவணையில் ஒரு வரியைப் பார்த்து எடுப்பதைவிட, துண்டு துண்டாகக் கூட்டுவது நல்லது. 1956-இல் கோவன் என்ற அமெரிக்கர் சொன்ன வழி இது. வெறும் மண் என்றால் 0.020-இல் தொடங்குங்கள். கரை கொஞ்சம் இடிந்து நெளிந்திருந்தால் 0.005 சேருங்கள். அகலம் இடத்துக்கு இடம் மாறுகிறதா, நடுவில் மரக்கட்டை, குப்பை, இடிந்த மதகுக்கல் கிடக்கிறதா என்று பார்த்து அதற்கும் கொஞ்சம் சேருங்கள். புல்பூண்டுக்குத்தான் பெரிய தொகை: லேசாக இருந்தால் 0.005 முதல் 0.010, நடுத்தரம் 0.025 வரை, அடர்த்தி என்றால் 0.050 வரை, வாய்க்காலே தெரியவில்லை என்றால் 0.100 வரை. கடைசியில் வாய்க்கால் பாம்புபோல் வளைந்தால் மொத்தத்தையும் 1.15 அல்லது 1.3-ஆல் பெருக்குங்கள். நேரான வாய்க்கால், சற்று இடிந்த கரை, லேசான புல் என்றால் 0.020 + 0.005 + 0.010 = 0.035.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, அது நம்மைக் கரையில் நடக்க வைக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு இடத்தில் நின்று பார்த்தாக வேண்டும். ஜீப்பில் உட்கார்ந்தபடி போட முடியாது.

மலையடிவார ஓடைகளில் மண் இருக்காது, கூழாங்கல்தான். அங்கே ஸ்டிரிக்ளர் வழி: கல்லின் நடுத்தர அளவை மீட்டரில் எழுதி, அதன் ஆறாம் மூலத்தை 21.1-ஆல் வகுக்க வேண்டும். 5 செ.மீ. கல்லுக்கு 0.029, 10 செ.மீ. கல்லுக்கு 0.032. கல் இரு மடங்கானாலும் எண் 12 சதவீதம்தான் கூடுகிறது, ஆகவே கல்லளவில் கொஞ்சம் தவறினால் பரவாயில்லை. ஆனால் கல் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஓடையில் இதைப் போடாதீர்கள். அங்கே நிஜ எதிர்ப்பு இதைவிட மிக அதிகம்.

கான்கிரீட் போட்ட வாய்க்காலுக்கு 0.015 என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். நம் அளவுக்கு அது 26 கன அடி தர வேண்டும். ஆனால் அடியில் வண்டல் படிந்து புல் முளைத்தால் அடிக்கு 0.030, பக்கங்களுக்கு மட்டும் 0.015. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? ஒவ்வொரு ஓரத்தின் நீளத்தையும் அதன் எண்ணின் ஒன்றரை அடுக்கால் பெருக்கிக் கூட்டி, மொத்த ஓரத்தால் வகுத்து, மூன்றில் இரண்டு அடுக்கு எடுக்க வேண்டும். விடை 0.022. நன்றாகச் செதுக்கிய மண் வாய்க்காலின் எண்ணும் இதுதானே! கோடிக்கணக்கில் கான்கிரீட் போட்டுவிட்டு வண்டலை வாராமல் விட்டால், தண்ணீருக்கு அது மண் வாய்க்கால்தான்.

இன்னொன்று, புல்லுக்கு ஒரே எண் கிடையாது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது புல் நிமிர்ந்து நின்று மறிக்கும். ஆழமும் வேகமும் கூடினால் படுத்துக்கொள்ளும், எண் இறங்கும். கோடையில் கால்வாசி நிரம்பிய வாய்க்காலில் அளந்த எண்ணை வெள்ளத்துக்குப் போடுவது அதனால்தான் சரிவராது. தண்டு தடித்த காட்டாமணக்கு அப்படி எளிதில் படுக்காது.

பாட்டில் சோதனை

எண்ணை ஊகித்தாயிற்று. இப்போது தண்ணீரிடமே கேட்டுவிடலாம். மதகோ பாலமோ பக்கத்தில் இல்லாத நேரான பகுதியாகத் தேர்ந்தெடுத்து, 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நடுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய கழுத்துவரை தண்ணீர் நிரப்பி இறுக்க மூடினால், கழுத்து மட்டும் வெளியே தெரிய மிதக்கும், காற்று தள்ளாது. எலுமிச்சம்பழமும் ஆகும். முதல் குச்சிக்குச் சற்று மேலேயே நடுத் தண்ணீரில் விட்டு, இரண்டு குச்சிக்கும் இடையே எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். ஐந்து தடவையாவது செய்யுங்கள். புல்லில் சிக்கியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சராசரி 58 நொடி என்று வைத்துக்கொள்வோம். மேல்மட்ட வேகம் 0.345 மீட்டர். மேலே ஓடுவது எப்போதும் சராசரியைவிட வேகமாக ஓடும், ஆகவே 0.85-ஆல் பெருக்குங்கள். ஆழமில்லாத, புல் நிறைந்த இடத்தில் 0.75 போடலாம். இங்கே 0.85 வைத்தால் சராசரி வேகம் 0.293. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால்: 0.518 × 0.02 ÷ 0.293 = 0.035. நாம் கூட்டிப் பார்த்த எண்ணே வந்துவிட்டது. கட்டுரையில்தான் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும். களத்தில் 0.031 வந்தாலும் 0.040 வந்தாலும் கவலை வேண்டாம். 0.060 வந்தால்தான் எங்கேயோ தப்பு.

தப்பு பெரும்பாலும் சாய்வில் இருக்கும். அடியின் சாய்வை எடுக்காதீர்கள், தண்ணீர் மேல்மட்டத்தின் சாய்வுதான் வேண்டும். 2,500-க்கு 1 என்றால் 20 மீட்டரில் இறக்கம் வெறும் 8 மி.மீ., அலையடிக்கும் தண்ணீரில் அதை அளக்கவே முடியாது. 200 மீட்டர் போனால் 8 செ.மீ. இறங்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் மேனிங் எண்ணில் 6 சதவீதம்தான் மாறும். ஆட்டோ லெவல் (சர்வேயர்கள் மட்டம் பார்க்கும் கருவி) கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 20 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, பத்துத் தடவை நகர்த்தி அளவெடுங்கள். திரும்பி வரும்போதும் ஒருமுறை எடுங்கள். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் சரி.

கீழே ஒரு மதகை அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கிப் பின்னால் ஏறும். அந்த நேரத்தில் ஆழத்துக்கும் அடியின் சாய்வுக்கும் சம்பந்தம் இருக்காது. அளக்கப் போகுமுன் கீழே கொஞ்சம் தூரம் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? எண்ணை மட்டும் எழுதாதீர்கள். தேதி, ஆழம், கரையில் என்ன முளைத்திருந்தது, எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்து எழுதி, அதே குச்சியருகில் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, தூர்வாரிய வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு தடவை, தை மாதம் ஒரு தடவை. ஒரு வருடம் இப்படிச் செய்தால் அந்த வாய்க்காலுக்கென்றே மூன்று எண்கள் உங்கள் கையில் இருக்கும். கரை உயரத்தை முடிவு செய்ய அவற்றில் பெரியதை எடுங்கள். வேகம் கூடி மண் அரிக்குமா என்று பார்க்கச் சின்னதை எடுங்கள்.